எள்ளு, கொள்ளு, இரண்டு குதிரைகள்

38 அங்குலம். இந்த ஓர் எண்ணைப் பிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. உடைந்த மரச்சட்டங்கள் இரண்டு. தரையிலிருந்து 38 அங்குல உயரத்தில் குறுக்கே ஓர் இரும்புக் குழாயைப் போட்டால், குட்டைக் கழுதை தலையைத் தாழ்த்திக்கொண்டு அதன் அடியில் போய்விடும். குதிரைக்கு அது மார்பில் இடிக்கும். என் வீட்டில் கழுதைகளும் குதிரைகளும் ஒரே வேலிக்குள் வாழ்கின்றன என்றால் அது இந்தக் குழாயின் புண்ணியம். மற்றபடி, இந்த இரண்டு இனங்களின் நட்பைப் பற்றி நான் படித்த உருக்கமான கதைகளில் பாதி இங்கே நடக்கவே இல்லை.

எங்கள் இடம் ஹூஸ்டனுக்கு வடமேற்கே, வாலர் கவுண்டியில் ஏழு ஏக்கர். குதிரைகள் இரண்டுமே குவார்ட்டர் ஹார்ஸ் இனம். டஸ்டி, 23 வயதான, காயடித்த ஆண். ஜூன், 11 வயதுப் பெண் குதிரை. என் மகள் ஏறிப் பழகுவது அதில்தான். வாரக்கடைசியில் ஜூனை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் போட்டிக்குக் கிளம்பிவிட்டால் டஸ்டி வேலியோரமாகவே நடந்து நடந்து புல்லில் தடம் போட்டுவிடும். திரும்பி வரும்போது கனைத்துக் கனைத்துத் தொண்டை கட்டியிருக்கும். துணைக்கு ஒரு குட்டைக் கழுதை வாங்கிக்கொள் என்று சொல்லாத ஆளில்லை. தீவனக் கடைக்காரர் சொன்னார், லாடக்காரர் சொன்னார், மகளுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தரும் அம்மையாரும் சொன்னார்.

வாங்கப் போன பண்ணையில், ஒன்றாகத் தரமாட்டேன், ஜோடியாகத்தான் தருவேன் என்றார் வளர்ப்பவர். ஒன்று கேட்பவன் தலையில் இரண்டைக் கட்டும் வியாபாரத் தந்திரம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். பத்து மாதம் கழித்து, ஓர் ஆகஸ்ட் இரவில், அவரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

இந்தக் குட்டைக் கழுதைகள் யாரோ ஆய்வுக்கூடத்தில் சுருக்கி எடுத்தவை அல்ல. சிசிலி, சார்டீனியா தீவுகளின் இயல்பான சிறு இனம். மாவரைக்கும் கல்லைச் சுற்றுவதற்கும் மலைப்பாதையில் சுமை தூக்குவதற்கும் அங்கே வைத்திருந்தார்கள். 1929இல் நியூயார்க் பங்குத் தரகர் ராபர்ட் கிரீன் சிலவற்றைக் கப்பலில் வரவழைத்தார்; அமெரிக்காவில் இவற்றின் வம்சக் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் 36 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும் என்பது இங்குள்ள பதிவுச் சங்கங்களின் அளவு. என்னுடையவை இரண்டும் 33 அங்குலம். காயடித்த ஆண்கள், அண்ணன் தம்பி. பெண் குதிரை இருக்கும் இடத்துக்குக் காயடிக்காத ஆண் கழுதையைக் கொண்டுவருவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அதற்கு அளவெல்லாம் ஒரு தடையே அல்ல; நிலத்தில் ஒரு மேடு இருந்தால் போதும், அடுத்த ஆண்டு கோவேறு கழுதைக்குப் பெயர் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பெயர் வைத்தது என் அம்மா. கைபேசியில் படத்தைக் காட்டியதும் முதலில், "கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையைக் கேட்டிருக்கிறேன், நீ அதைக் காசு கொடுத்தே வாங்கிவிட்டாயேடா" என்று சிரித்தார். பிறகு இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டு, "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்றார். கருஞ்சாம்பல் நிறத்தில் ஒல்லியாக இருந்தது எள்ளு ஆனது. பழுப்பு நிறத்தில், வாங்கும்போதே கழுத்து கொஞ்சம் தடித்திருந்தது கொள்ளு. அம்மாவின் வாய்க்கு எவ்வளவு வலிமை என்பது அடுத்த மே மாதம் தெரிந்தது.

முதல் நான்கு வாரம், 2022 அக்டோபர்

வந்த அன்றே மேய்ச்சலில் அவிழ்த்துவிடவில்லை. குதிரைகளிலிருந்து அறுபதடி தள்ளி, பழைய கோழிக்கொட்டகைப் பக்கம், தனி வேலிக்குள் நான்கு வாரம் வைத்தேன். காரணம் நுரையீரல் புழு. டிக்டியோகாலஸ் ஆர்ன்ஃபீல்டி என்று அதற்குப் பெயர். கழுதை இதை வருடக்கணக்கில் உள்ளே வைத்துக்கொண்டு ஓர் இருமல்கூட இல்லாமல் நிற்கும். அதே மேய்ச்சலில் குதிரை மேய்ந்தால் குதிரைக்கு விடாத இருமல் பிடிக்கும். குதிரைக்குள் அந்தப் புழு பெரும்பாலும் முழு வளர்ச்சி அடைவதில்லை என்பதால், குதிரையின் சாணத்தைச் சோதித்தால் ஒன்றும் அகப்படாது. நீங்கள் தூசு, ஒவ்வாமை என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள். வழக்கமாகச் செய்யும் முட்டை எண்ணிக்கைச் சோதனையும் இதற்குப் போதாது. பேர்மன் முறை என்று, துணியில் கட்டிய சாணத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, புழுக்குஞ்சுகள் தாமாக நீந்தி அடியில் இறங்கக் காத்திருந்து பார்க்க வேண்டும். மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்டேன். எள்ளுவிடம் இருந்தது. ஐவர்மெக்டின் கொடுத்து, மூன்று வாரம் கழித்து மறுபடி சோதித்து, இல்லை என்று ஆன பிறகுதான் வேலையை மேற்கொண்டு நகர்த்தினேன்.

அதற்குள் வேலி என்னைத் தலைகுனிய வைத்துவிட்டது. எங்களுடையது முள்ளில்லாத ஐந்து கம்பி வேலி. கடைசிக் கம்பி தரையிலிருந்து 18 அங்குலம். குதிரைக்கு அது வேலி, குட்டைக் கழுதைக்கு அது வாசல். மூன்றாம் நாள் காலை இரண்டும் தார்ச்சாலையில் நின்று பள்ளிப் பேருந்தை நிறுத்தி வைத்திருந்தன. அவை பதறவில்லை, ஓட்டுநரும் பதறவில்லை. நான்தான் இரவு உடையில் ஒரு வாளியைத் தட்டிக்கொண்டு ஓடினேன். அந்த வாரமே இரண்டு அங்குலத்துக்கு நான்கு அங்குலக் கண் உள்ள பின்னல் கம்பி வலையை நான்கடி உயரத்துக்குச் சுற்றிலும் அடித்தேன். கண் பெரிதாக உள்ள ஆட்டு வலை மலிவு. ஆனால் கழுதையின் குளம்பு சிறியது, உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். இங்கே காசைப் பார்க்கக் கூடாது. வலை எதற்கு என்றால் கழுதையை உள்ளே நிறுத்த மட்டுமல்ல. டெக்சாஸில் ஆட்டுமந்தைக்குக் காவலாகக் கழுதை வைப்பது பழைய வழக்கம்; பெரிய கழுதை கயோட்டி எனும் ஓநாய் நரியை மிதித்தே விரட்டும். இந்த 33 அங்குலத்துக்காரர்களை அந்த வேலைக்கு நம்புவது பாவம். இரண்டு தெருநாய்கள் சேர்ந்தாலே இவை இரைதான்.

அறிமுகம்

கழுதையைப் பார்த்து அதுவரை கழுதையே பார்க்காத குதிரை என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேலியின் இந்தப் பக்கம் ஜூன் நின்றது. அந்தப் பக்கம் கொள்ளு மெல்ல நடந்து வந்து காதுகளை முன்னால் நீட்டியது. ஜூன் மூக்கை விரித்து, துருத்தி ஊதுவதுபோல் ஒரு சீறல் விட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு ஏக்கர்களைக் கடந்தது. திரும்பி வந்தது, பார்த்தது, மறுபடி ஓடியது. ஒன்றரை மணி நேரம். விலாவில் வியர்வை நுரைத்து வெள்ளைக் கோடாக வழிந்தது. அந்த நேரம் பார்த்து எள்ளு வாயைத் திறந்தது. உள்ளிழுக்கும்போது ஒரு சத்தம், வெளிவிடும்போது ஒரு சத்தம் என்று இரண்டு பக்கமும் அறுக்கும் ரம்பம் அது. ஊரில் கழுதை கத்தினால் நல்ல சகுனம். ஜூனுக்கு அந்தச் சாஸ்திரம் தெரியாது. கிழட்டு டஸ்டி மட்டும் எதையும் கவனிக்காமல் புல் மென்றுகொண்டிருந்தது.

வேலிக்கு இரு பக்கமுமாகப் பத்து நாள் விட்டேன். ஐந்தாம் நாள் மூக்கோடு மூக்கு வைத்தன. பதினோராம் நாள் ஒன்றாக அவிழ்த்துவிட்டபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தொடங்கியதே அன்றுதான்.

குதிரைகளுக்குள் ஒரு பாஷை இருக்கிறது. மேல்நிலையில் இருக்கும் குதிரை காதைப் பின்னால் மடக்கும். கீழ்நிலைக் குதிரை உடனே இரண்டடி நகரும். நகராவிட்டால் பின்புறத்தைத் திருப்பிக் காட்டும். அதற்கும் நகராவிட்டால் உதை. முதல் எச்சரிக்கையிலேயே நகர்ந்துவிடுவதால் பெரும்பாலான சண்டை உதைவரை போவதில்லை. கழுதை இந்தப் பாஷையைப் பேசுவதில்லை. பயந்தால் குதிரை ஓடும், கழுதை நிற்கும். நின்று, பார்த்து, யோசிக்கும். அதைத்தான் நாம் பிடிவாதம் என்று திட்டுகிறோம். ஜூன் காதை மடக்கியது, கொள்ளு நின்றது. ஜூன் பின்புறத்தைத் திருப்பியது, கொள்ளு இன்னும் நின்றது. இது போதாதென்று கழுதைகளின் விளையாட்டு முறையே வேறு: ஆண் கழுதைகள் ஒன்றன் கழுத்தை ஒன்று கவ்வும், முழங்காலைக் கடிக்கும், தொங்கிக்கொண்டு சுற்றும். எள்ளுவோடு விளையாடும் அதே விளையாட்டை ஜூனின் பின்னங்காலோடு விளையாடப் போனது கொள்ளு.

உதை நான் பார்க்க நடந்தது. குளம்பு கொள்ளுவின் காதுக்கு நான்கு அங்குலம் மேலே, கொட்டகைப் பலகையில் பட்டது. ஓர் அங்குலக் கனமுள்ள பலகை நீளவாக்கில் பிளந்தது. இரண்டு குதிரைகள் உதைத்துக்கொண்டால் அது தொடையிலோ விலாவிலோ படும். குட்டைக் கழுதைக்கு அந்த உயரத்தில் இருப்பது மண்டை. கொள்ளு அப்போதும் நகரவில்லை. பிளந்த பலகையைத் திரும்பிப் பார்த்தது. எனக்குத்தான் கால் நடுங்கியது.

அன்று மாலையே பிரித்துவிட்டேன். துணைக்கு என்று வாங்கிய கழுதைகளும், அவை துணையிருக்க வேண்டிய குதிரையும் தனித்தனி வேலியில். கடைத்தெருவில் குடை வாங்கிவிட்டு மழையில் நனைந்துகொண்டு வருபவன்போல் இருந்தது.

குழாய்

யோசனை எளியது: கழுதை நுழையக்கூடிய, குதிரை நுழைய முடியாத ஓர் இடம் வேண்டும். அங்கே கழுதையின் தீவனம், உப்புக்கட்டி, நிழல், தண்ணீர் எல்லாம் இருக்க வேண்டும். துரத்தினால் ஓடி ஒளியவும் அதுவே இடம். கொட்டகையின் கிழக்குப் பகுதியில் 12 அடிக்கு 16 அடியை அதற்காக ஒதுக்கினேன்.

நுழைவாயிலை ஒடுக்கமாக வைப்பதா, குட்டையாக வைப்பதா என்பதுதான் கேள்வி. பலர் ஒடுக்கமாக வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தீவனம் தெரிந்தால் குதிரை தோளை நுழைத்துப் பார்க்கும். தோள் போய் இடுப்பு மாட்டிக்கொண்டால் அது பின்னால் வரத் தெரியாமல் கட்டடத்தையே பெயர்க்கும். குட்டையான வாசலில் அந்த ஆபத்து இல்லை. மார்பு இடித்ததும் நின்றுவிடும். அகலம் நான்கடி வைத்தேன். இரண்டு கழுதைகள் ஒரே நேரத்தில் ஓடிவந்தாலும் ஒன்றையொன்று நெருக்காமல் நுழைய அவ்வளவு வேண்டும்.

முதல் சட்டம் 42 அங்குலத்தில், நான்குக்கு நான்கு மரம். மறுநாள் காலை டஸ்டி முழங்காலை மடக்கி, ஒட்டகம்போல் ஊர்ந்து, உள்ளே போய் நின்றது. 23 வயதுக் கிழத்துக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்ததோ. வெளியே வரத்தான் தெரியவில்லை. சட்டத்தைக் கழற்றித்தான் விட்டேன். அதை 36க்கு இறக்கினேன். குதிரை நின்றது, ஆனால் எள்ளு முதுகு உரசி உரசி மூன்றாம் வாரம் முதுகின் கரும்பட்டையில் முடி போய்விட்டது. கழுதைகளுக்கு முதுகுத்தண்டின் மேல் ஒரு கரிய கோடும் தோளின் குறுக்கே ஒன்றும் சிலுவைபோல் இருக்கும். அதில் பாதியைக் காணோம். அதற்குள் ஜூன் தன் பின்புற அரிப்புக்கு அந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்துத் தேய்த்து, முதல் மரத்தை முறித்தது. இரண்டாவதையும் முறித்தது.

மரத்தை விட்டேன். இங்கே எண்ணெய்க் கிணறுகளில் தேய்ந்து கழித்துப்போட்ட துளையிடும் குழாய்களை வேலிக்கென்றே விற்பார்கள். இரண்டே முக்கால் அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதல் விட்டம், சுவர் அவ்வளவு கனம். சாதாரண வேலிக் குழாய் அதன் பக்கத்தில் நிற்காது. ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் பற்றவைப்பில் கைதேர்ந்தவர். ஒரு சனிக்கிழமை காலை, 2023 மார்ச் முதல் வாரம், தன் இயந்திரத்தை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். குழி இரண்டரை அடி ஆழம். இங்குள்ள கரிய களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், ஆழமில்லாத தூணை வருடத்துக்கு ஓர் அங்குலம் சாய்த்துவிடும். குழிக்கு 80 பவுண்டு சிமெண்டுக் கலவை இரண்டு மூட்டை. தூண் நேராக நிற்கிறதா என்று நான் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இடப்பக்கம் ஒரு நூல்" என்றார். மட்டமும் அதையே சொன்னது.

உயரத்தை இம்முறை நான் கணக்குப் போடவில்லை. குறுக்குக் குழாயை இரும்புக் கம்பியால் தற்காலிகமாகக் கட்டி, எள்ளுவை உள்ளே கூப்பிட்டேன். முதுகு முடியைத் தொடாமல் போகும் வரை அரை அரை அங்குலமாக ஏற்றினேன். 38. பிறகு டஸ்டியைக் கொண்டுவந்து நிறுத்தினோம். முழங்காலை மடக்கிப் பார்த்தது, முடியவில்லை, பெருமூச்சு விட்டது. பெரியவர் கண்ணாடி முகமூடியை இறக்கிக்கொண்டு பற்றவைத்தார்.

இத்தோடு முடியவில்லை. குதிரை உடலைத்தானே நுழைக்க முடியாது, கழுத்தை நுழைக்கலாமே. முதல் இரவே ஜூன் தலையைக் கீழே விட்டு, நாலடி தள்ளித் தொங்கிய தீவன வலையை இழுத்துப் பிய்த்தது. அது மட்டுமல்ல, அந்த நிலையில் ஏதாவது சத்தத்துக்கு மிரண்டு தலையைத் தூக்கினால் உச்சி மண்டை குழாயில் மோதும். குதிரை அப்படிச் செத்த கதைகள் உண்டு. ஆகவே தீவனத்தை எட்டடி உள்ளே தள்ளினேன். கழுத்தை விட்டால் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்த பிறகு கழுத்தை விடுவதில்லை. குழாய்க்கு மேலே ஆறடி உயரம் வரை பலகை அடைத்துச் சுவராக்கினேன். குழாயின் மேல் பழைய நீர்க்குழாய் ஒன்றை நீளவாக்கில் கீறி உறைபோல் மாட்டினேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றுகிறேன். எள்ளு அதை மென்றுவிடுகிறது.

குழாய் வந்த வாரமே கலந்து விட்டேன். ஜூன் காதை மடக்கும். கொள்ளு நிற்கும். ஜூன் திரும்பும். இப்போது கொள்ளு, யாரோ கூப்பிட்டதுபோல், அவசரமே இல்லாமல் குழாய்க்கு அடியில் நடந்து போய்விடும். அதற்கும் ஒரு பாஷை பிறந்துவிட்டது.

கொழுத்தவனுக்குக் கொள்ளு

எங்கள் மேய்ச்சல் கோஸ்டல் பெர்முடா. பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம், நம் அறுகம்புல்லின் கலப்பினம்தான். ஜார்ஜியாவின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் உருவாக்கி 1943இல் வெளியிட்டது. ஊரில் பிள்ளையாருக்குச் சாத்தும் ஒரு சாண் புல் இங்கே முழங்காலைத் தாண்டும். குதிரைக்கு நல்ல தீனி. வறண்ட நிலத்தில் முள்ளையும் சருகையும் மென்று வாழ உருவான உடம்புக்கு இது தினமும் கல்யாணச் சாப்பாடு.

பெரியவரின் ஆட்டுத் தராசில் நிறுத்துத்தான் எடை பார்க்கிறேன்; குதிரைக்கான அளவு நாடா கழுதையின் உடல்வாகுக்குப் பொருந்தாது. வந்தபோது எள்ளு 112 கிலோ, கொள்ளு 121. மே மாதக் கடைசியில் எள்ளு 119, கொள்ளு 143. கழுத்தின் மேல் ஒரு கட்டி விளிம்பு, கையால் பிடித்தால் ரப்பர்போல். கழுதை கொழுப்பைக் கழுத்திலும் விலாவிலும் மூட்டைமூட்டையாகச் சேர்க்கும். கழுத்து மேடு ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்துவிட்டால், பிறகு எவ்வளவு இளைத்தாலும் அது நிமிர்வதில்லை. அடுத்தது குளம்பு அழற்சி. கொள்ளுவின் முன்குளம்புகள் இரண்டும் தொட்டால் சூடாக இருந்த அன்று மேய்ச்சலை நிறுத்தினேன்.

ஒதுக்கிய இடத்தோடு சேர்த்து ஒரு புல்லற்ற முற்றம் போட்டேன்: மண்ணை நான்கு அங்குலம் சீவி, மேலே துணிவிரிப்பு, அதன்மேல் சுண்ணாம்புக்கல் சல்லி. இது குளம்புக்கும் நல்லது. கழுதைக் குளம்பு குதிரைக் குளம்பைவிடச் செங்குத்தானது, ஈரத்தைச் சுலபமாக உறிஞ்சும். சேற்றில் நின்றால், குளம்பின் சுவரும் அடிப்பாகமும் சேரும் வெள்ளைக்கோட்டு ஓரத்தில் சொத்தை விழும். லாடக்காரர் ஏழு வாரத்துக்கு ஒருமுறை வந்து சீவிவிட்டுப் போகிறார், லாடம் கிடையாது.

இப்போது மேய்ச்சல் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும். மற்றபடி ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.8 கிலோ உலர்தீனி. பாதி ஓட்ஸ் வைக்கோல், பாதி முற்றிய பெர்முடா, ஓர் அங்குலக் கண் உள்ள வலையில். மெல்லிய கோஸ்டல் புல்லை மட்டும் கொடுத்தால் அது குடல் முடியும் இடத்தில் அடைத்துக்கொண்டு வயிற்றுவலி வரும். அதனால்தான் வைக்கோல் கலப்பு. தானியம் ஒரு பிடிகூட இல்லை, கொள்ளும் இல்லை, பெயரோடு சரி. குதிரைகளின் கலப்புத் தீவன வாளியை ஐந்தடி உயரத்தில் மாட்டியிருக்கிறேன். பெரியவர் ஒருநாள் அன்பாக ஒரு மூட்டை மாட்டுத் தீவனம் கொண்டுவந்தார். சீட்டைப் படித்தேன்: மோனென்சின். மாட்டுக்கு மருந்து, குதிரைக்கும் கழுதைக்கும் இதயத்தைக் கொல்லும் விஷம், கொஞ்சம் போதும். மூட்டையை அவர் வண்டியிலேயே திரும்ப ஏற்றினேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஆகஸ்ட்

எள்ளுவுக்குப் பல்லில் ஒரு கூர்முனை, கன்னத்தைக் கிழித்தது. நாற்பது மைல் தள்ளி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். எள்ளுவை மட்டும். ஓர் இரவு வைத்திருக்கச் சொன்னார்கள், வைத்தேன். கொள்ளுவுக்குத்தான் இரண்டு குதிரைகள் துணை இருக்கின்றனவே என்பது என் கணக்கு.

மறுநாள் காலை கொள்ளுவின் தீவன வலை தொடாமல் தொங்கியது. கழுதைக்கு உடம்பு சரியில்லை என்றால், சாப்பிடாமல் நிற்பதைத் தவிர வேறு அடையாளம் பெரும்பாலும் காட்டாது. புரளாது, முனகாது, வலியை விழுங்கிக்கொண்டு நிற்கும். அது குழாயின் உட்பக்கம், வண்டி போன வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. டஸ்டி மூன்றடி தள்ளித்தான் நின்றது. கொள்ளு அதைப் பார்க்கவே இல்லை.

மருத்துவரை அழைத்தேன். அவர் ரத்தம் எடுத்து, சோதனைக் குழாயை வண்டியின் முன்பலகையில் சாய்த்து வைத்துவிட்டு மற்றவற்றைப் பார்த்தார். இருபது நிமிடத்தில் சிவப்பு அடியில் படிந்தது. மேலே தெளிந்து நிற்க வேண்டிய மஞ்சள் நீர் தெளியவில்லை. சாதம் வடித்த கஞ்சித் தண்ணீர்போல் கலங்கலாக நின்றது. "இது கொழுப்பு" என்றார். பருத்த கழுதை பட்டினி கிடந்தாலோ ஏங்கினாலோ உடம்பு தன் கொழுப்பைக் கட்டுக்கடங்காமல் ரத்தத்தில் கொட்டும்; கல்லீரல் தாங்காது. ஹைப்பர்லிபீமியா. குட்டை இனங்களுக்கு இது அதிகம், விட்டால் சில நாளில் உயிர் போகும். டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் உள்ள கொழுப்பு, 460 என்று மாலையில் தகவல் வந்தது; கழுதைக்கு 250க்குள் இருக்க வேண்டும். ஆக, கொழுக்கவும் விடக்கூடாது, இளைக்கவைக்கிறேன் என்று பட்டினி போடவும் கூடாது. அதுவரை நான் முதல் பாதியை மட்டும்தான் படித்திருந்தேன்.

மருந்தில் முதல் மருந்து, எள்ளு. அன்று நான் ஓட்டிய வேகத்தை இங்கே எழுதாமல் விடுகிறேன். வண்டிக் கதவைத் திறந்ததும் எள்ளு ரம்பத்தை இழுத்தது. உள்ளேயிருந்து பதில் ரம்பம். இரண்டும் கழுத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் நின்றன. பிறகு கொள்ளு தண்ணீர் குடித்தது. இரவு பதினொரு மணிக்கு ஊறவைத்த பீட் கிழங்குச் சக்கையில் வெல்லப்பாகு விட்டுக் கொடுத்தேன், நக்கியது. காலையில் வைக்கோல். நான்காம் நாள் டிரைகிளிசரைடு 210.

ஜோடியாகத்தான் தருவேன் என்றவரிடம் மன்னிப்புக் கேட்டது எள்ளு திரும்பி வந்த அந்த இரவில்தான். கழுதைக்குத் துணை கழுதை. குதிரைகள் அதற்கு அக்கம்பக்கத்தார். பேசலாம், சண்டை போடலாம், வீட்டில் ஒருவர் இல்லாதபோது அந்த இடத்தை நிரப்ப அவர்களால் ஆகாது. இப்போது ஒன்றுக்கு ஊசி போடவேண்டும் என்றாலும் இரண்டும் வண்டி ஏறுகின்றன.

டஸ்டியின் கதைக்கு வருகிறேன், அதற்காகத்தானே இவ்வளவும். முதல் குளிர்காலத்தில், 2022 டிசம்பர் 23 அன்று, மைனஸ் 9 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிய காற்றில் குதிரைகள் வாலைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு வெளியில் நின்றன. அப்போது கழுதைகள் தனி வேலியில். கோழிக்கொட்டகையின் மூலையை விட்டு இரண்டு நாள் நகரவில்லை. அவற்றின் முடி குளிருக்கென்று பெரிதாக அடர்ந்து வளர்வதில்லை. மழையில் நனைந்தால் தோல்வரை ஈரம் இறங்கும். போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஜூன் போட்டிக்குப் போயிருந்தது, நல்ல குளிர்மழை. கொட்டகையின் மறுபாதியில், பலகைச் சுவரை ஒட்டி, டஸ்டி நின்றுகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனும் தம்பியும். டஸ்டி கனைக்கவில்லை. வேலியோரத் தடத்தில் இந்த ஆண்டு புல் முளைத்திருக்கிறது. நட்பா, மழையா, வயதா, எதனால் என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

நிலுவையில் உள்ள வேலைகள்: கதவுத் தாழ்ப்பாள் மூன்றாவது முறையாக மாற்ற வேண்டும், கொள்ளு உதட்டால் கொக்கியைத் தூக்கிவிடுகிறது. குழாய் உறை புதிதாக வேண்டும். முற்றத்துச் சல்லி ஒரு மூலையில் களிமண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. அப்புறம் மகள், பாட்டி சொன்னதைக் கேட்டு, ஊர்க் கடைகளில் மாட்டியிருக்கும் கழுதைப் படத்தைப்போல் ஒரு பலகையில் "என்னைப் பார் யோகம் வரும்" என்று தமிழில் எழுதி முற்றத்தில் மாட்டியிருந்தாள். எள்ளு வலது ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கி, யோகத்தை முடித்துவிட்டது. "என்னைப் பார்" மட்டும் மிச்சம் இருக்கிறது. அதை இன்னும் உயரத்தில் மாட்ட வேண்டும்.